டர்பனில் முதல் கிறிஸ்மஸ்: சிறு குழந்தைகளோடு புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு

தூத்துக்குடியிலிருந்து டர்பனுக்குக் குடிபெயர்ந்த முதல் ஆண்டில், டிசம்பர் 24 மாலை வீட்டு வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு இருட்டுவதற்காகக் காத்திருந்தோம். ஏழு மணியாகியும் வானம் வெளுத்தே கிடந்தது. ஒருவழியாக நட்சத்திரம் ஒளிவிடத் தொடங்கியபோது, அதைப் பார்ப்பதற்காகவே காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்த மூன்று வயது மகள் சோபாவில் சுருண்டு உறங்கிப்போயிருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்களை அப்படியே இங்கே விரித்துப் போட்டால் அவை பொருந்தாது என்பது அன்று எனக்குப் புரிந்தது. தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் மாதம் நடுக்கோடை. பொழுது அதிகாலை ஐந்து மணிக்கு முன்பே புலர்ந்து, மாலை ஏழு மணியளவில்தான் சாய்கிறது. பகலில் 28 டிகிரி வெப்பமும் கடற்கரை ஊருக்கே உரிய புழுக்கமும் இருக்கும்.

அதன்பின் கழிந்த எட்டு கிறிஸ்மஸ்களில் நாங்கள் தவறிக் கற்றுக்கொண்டவற்றை, புதிதாக வந்திருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் நாள் வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு விதியை மட்டும் வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வழக்கமாக மூன்று காரியங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்றையும் ஆண்டுதோறும் ஒரே முறையில் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் குழந்தையின் கை படவேண்டிய ஒரு வேலையை ஒதுக்கி வையுங்கள். வேடிக்கை பார்த்த விழாவைக் குழந்தை எளிதில் மறந்துவிடுகிறது. தான் மாவு பிசைந்த விழாவை அது அடுத்த ஆண்டு தானாகவே கேட்கிறது.

நவம்பர் இறுதியில் செய்ய வேண்டியவை

முதலில் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளிகள் டிசம்பர் இரண்டாம் வாரத்தையொட்டி ஆண்டை முடித்துக்கொண்டு ஜனவரி நடுவில்தான் திறக்கும். நம் ஊரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் சிறு விடுமுறையைப் போலன்றி இது நீண்ட கோடை விடுமுறை. டிசம்பர் 16 சமரச நாள்; அன்று அரசு விடுமுறை. அதை ஒட்டிக் கட்டுமானப் பணியாளர்கள் முதல் பல அலுவலகங்கள்வரை விடுப்பில் சென்றுவிடுவதாலும், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்து இறங்குவதாலும், வீட்டில் குழாய் பழுதுபார்ப்பது போன்ற வேலைகளை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. டிசம்பர் 25-ஐ அடுத்து 26-உம் விடுமுறை. முன்பு பாக்சிங் டே என்று வழங்கிய அந்த நாள் இப்போது நல்லெண்ண நாள் என்ற பெயரில் கடைப்பிடிக்கப்படுகிறது.

அடுத்து, எந்த ஆலயத்துக்குச் செல்வது என்பதை முடிவு செய்யுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலின் கரும்புத்தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். எனவே இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவம் நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டியது. ஆயினும் நான்கைந்து தலைமுறைகள் கடந்துவிட்டதால் வழிபாடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இந்தியர் மிகுந்த பகுதிகளிலும் தமிழ்க் கீர்த்தனை தெரிந்தவர் யார் என்று கேட்டால், ஏதாவதொரு வயது முதிர்ந்த ஆயாவைத்தான் கைகாட்டுவார்கள். பாட்டியை இங்கே ஆயா என்பதே வழக்கம். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எங்கள் தெரு ஆயா ஒருவர், பொருள் முழுவதும் தெரியாமலே தன் தாயிடம் கேட்டு மனப்பாடம் செய்த பிறப்பின் பாடலை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன் பொருளை என் மகள் அவருக்குச் சொன்னாள்.

திருவருகைக் காலம் கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்குகிறது. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட வளையம், நாள்களை எண்ணத் தெரியாத குழந்தைக்கும் காத்திருப்பதைக் கண்ணால் காட்டிவிடும். மூன்று திரிகள் ஊதா நிறம். மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது மட்டும் ரோஜா நிறம். டர்பன் புழுக்கத்தில் சன்னலோரம் வைத்த மெழுகு வளைந்துவிடும் என்பதால், எரியாத நேரங்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். திரியை ஊதி அணைக்கும் உரிமை கடைக்குட்டிக்கு என்று முதல் வாரமே அறிவித்துவிட்டால் சண்டை ஒரு வாரத்தோடு முடியும்.

மரம், நட்சத்திரம், வெளியே கேட்கும் வண்டு

மரத்துக்காக அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. மடக்கி வைக்கும் செயற்கை மரம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. எனினும், தென்னாப்பிரிக்காவின் தேசிய மரமான எல்லோவுட் கன்றை நாற்றுப்பண்ணையில் வாங்கித் தொட்டியில் வளர்ப்பதை நான் பரிந்துரைப்பேன். அது மெதுவாக வளரும் மரம். ஆண்டுக்கொரு முறை அதைக் கூடத்துக்குள் தூக்கிவந்து, பக்கத்தில் பிள்ளையையும் நிறுத்தி இருவர் உயரத்தையும் சுவரில் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை மகளே முந்தி நிற்கிறாள். பஞ்சை உருட்டிப் பனியாக ஒட்டும் வேலையை மட்டும் விட்டுவிடலாம். முதல் ஆண்டு நான் அதைச் செய்தேன். வியர்வையோடு பஞ்சு ஒட்டிக்கொண்டு குழந்தைக்கு அரிப்பெடுத்ததுதான் மிச்சம்.

நட்சத்திரத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இங்குள்ளவர்கள் வாசலில் மலர்வளையம் மாட்டுவார்கள். ஒளிரும் காகித நட்சத்திரம் நம் அடையாளம். ஊரிலிருந்து மடிப்பு நட்சத்திரம் கொண்டுவர முடியாதவர்கள், இறைச்சி சுடுவதற்காகக் கடைகளில் விற்கும் மூங்கில் குச்சிகளை நூலால் கட்டிப் பட்டக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம். குச்சியின் கூர்முனையை முதலில் நறுக்கிவிடுங்கள். டிசம்பரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும் என்பதால் அதைக் கூரையுள்ள முன்திண்ணையில் மாட்ட வேண்டும். உள்ளே மெழுகுதிரி வைக்காமல் எல்இடி விளக்கு மட்டுமே வையுங்கள். மழை பெய்து ஓய்ந்த இரவில் அந்த வெளிச்சத்தைச் சுற்றி ஈசல்கள் மொய்க்கும். விளக்கை அணைக்கும்படி பெரியவர்கள் சொல்வோம். பிள்ளைகளுக்கோ நட்சத்திரத்தைவிட ஈசல்தான் திருவிழா.

ஊரின் பருவத்தையே அலங்காரமாக்கிக்கொள்ளலாம் என்பதை அந்த ஈசல்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. இந்நாட்டில் சில்வண்டுக்குக் கிறிஸ்மஸ் வண்டு என்றே பெயர். வெயிலில் அது காது செவிடுபட ரீங்கரிக்கத் தொடங்கினால் டிசம்பர் வந்துவிட்டதென்று பொருள். நீலமும் இளஞ்சிவப்புமாகக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கிறிஸ்மஸ் ரோஜா என்பார்கள். தெருவெங்கும் மயிற்கொன்றை சிவந்து நிற்கும். ஆண்டின் முதல் கிறிஸ்மஸ் வண்டைக் கேட்டவர் யார் என்ற போட்டியை வீட்டில் தொடங்கிவையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

குடில்

மூன்று வழக்கங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் குடிலை வையுங்கள். 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்த காட்சியிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. அவர் அதை அமைத்தது எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டு உணர்வதற்காக. எழுதப் படிக்கத் தொடங்காத குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கம் வேறில்லை.

டிசம்பர் 14 அல்லது 15 அன்று வேலையைத் தொடங்குங்கள். ஒரு தட்டையான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை மண் பரப்பி, எட்டு மணி நேரம் ஊறவைத்த கோதுமையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டு, ஈரத்துணியால் மூடுங்கள். இங்குள்ள வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். அப்போது துணியை எடுத்துவிட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். 24-ஆம் நாளுக்குள் ஒரு சாண் நெருங்கும் பசும்புல் குடிலைச் சுற்றி விரிக்கத் தயாராக இருக்கும். தண்ணீர் தெளிப்பது குழந்தையின் வேலை. கை தாராளமாக இருக்கும் என்பதால் குவளை கொடுக்காமல் தெளிப்பான் கொடுங்கள். எங்கள் முதல் பயிர் அழுகித்தான் போனது.

சுரூபங்கள் உடையாதவையாக இருக்கட்டும். பீங்கான் சுரூபத்தை மேலே வைத்துத் தொடாதே என்று அதட்டிக்கொண்டிருப்பதைவிட, மரத்திலோ துணியிலோ செய்தவற்றைக் குழந்தையின் கண்மட்டத்தில் வைத்து, இடம் மாற்றி விளையாட விடுவது மேல். எங்கள் குடிலில் ஆடு மாடுகளோடு ஒரு ஒட்டகச்சிவிங்கியும் பிளாஸ்டிக் சுறாவும் வந்து நின்று வணங்குகின்றன. தொட்டிலை மட்டும் 24 இரவுவரை வெறுமையாக விட்டுவிடுங்கள். மூன்று ஞானிகளைத் தொலைவில் உள்ள அறையில் நிறுத்தி, நாளுக்குச் சில அடிகளாக நடத்தி, ஜனவரி 6 திருக்காட்சி விழாவன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தால், விழா முடிந்ததும் குழந்தைகளுக்கு வரும் வெறுமைக்கும் ஒரு மருந்து கிடைக்கும். ஞானிகளை இரவில் நகர்த்துவது யார் என்பதை எங்கள் வீட்டில் இன்றுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பலகாரம்

ஊரில் அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் சேர்ந்து முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் என மூன்று நாள் சுட்டதை இங்கே தனி ஒருவராகச் செய்ய முனையாதீர்கள். கொதிக்கும் எண்ணெயும் சிறு குழந்தையும் ஒரே சமையலறையில் நெடுநேரம் இருப்பது ஆபத்தும்கூட. ஒரே பலகாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அது கலகலாவாக இருந்தால் குழந்தைக்கும் பங்கு கிடைக்கும். இரண்டு கோப்பை மைதாவுக்கு அரைக் கோப்பை பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய நெய், ஒரு சிட்டிகை உப்பு, பிசைவதற்கு வேண்டிய அளவு தேங்காய்ப்பால் போதும். மைதா என்று கேட்டால் கடையில் தெரியாது. இங்கே கேக் மாவு என்ற பெயரில் விற்பது ஏறக்குறைய அதுதான். செல்ஃப் ரைசிங் என்று போட்ட பொட்டலத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் உப்பவைக்கும் பொடி ஏற்கெனவே கலந்திருப்பதால் கலகலா எண்ணெயில் பூரியாக எழும்பும். மாவை அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்த பின், முனைமழுங்கிய கத்தியைக் குழந்தையிடம் கொடுத்துக் கோணல்மாணலாக வெட்டவிடுங்கள். பொரிப்பது பெரியவர்கள், அதுவும் பிள்ளை உறங்கிய பிறகு. ஏலக்காய், முந்திரி போன்ற சரக்குகள் விக்டோரியா தெருச் சந்தையில் கிடைக்கும். காய்கறிக்கும் கறிவேப்பிலைக்கும் சாட்ஸ்வொர்த்தில் வெள்ளியும் சனியும் கூடும் பங்களாதேஷ் சந்தை நல்ல இடம்.

இந்த ஊரின் வழக்கத்திலிருந்தும் ஒரு பண்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கேக், ஜெல்லி, கஸ்டர்ட், டின் பீச் பழம் ஆகியவற்றை கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக வைத்துக் குளிரவைக்கும் டிரைஃபிள் இல்லாத கிறிஸ்மஸ் மதியம், டர்பன் இந்திய வீட்டில் அரிது. அடுக்கும் வேலை முழுவதையும் நான்கு வயதுப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். மைசூர்ப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த இவ்வூர் பிரியாணியை முதலில் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கும். ஒருமுறை சாப்பிட்டபின் பருப்பில்லாத பிரியாணிதான் வெறுமையாகத் தோன்றும் என்று சொன்னால் தூத்துக்குடியில் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

பலகாரத் தட்டு அண்டை வீடுகளுக்கும் போகட்டும். தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பிய இந்துக் குடும்பத்துக்கு நாம் திருப்பி அனுப்பும் நாள் இது. தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்ற பழக்கம் இங்கேயும் இருக்கிறது. தட்டை ஏந்திச் செல்வது குழந்தை. உடன் நடப்பது மட்டுமே நம் வேலை.

பரிசு பற்றிச் சுருக்கமாக

ஒரு குழந்தைக்கு ஒரு பரிசு போதும். உறவினர் அனுப்புவனவற்றை ஜனவரி 6 வரை பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். கிறிஸ்மஸ் தாத்தாவைப் பற்றிய கேள்வி வந்தால், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸின் கதையை, அவர் விழாவான டிசம்பர் 6 அன்று சொல்லிவிடுங்கள். பிறகு பொய் சொன்னதாகக் குழந்தை குறைபடாது. புதியவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று கிறிஸ்மஸ் பாக்ஸ். ஆண்டு முழுவதும் குப்பை அள்ளியவர், வீட்டுவேலையில் உதவியவர், காவலாளி ஆகியோர்க்கு டிசம்பரில் பணமோ உணவுப் பொருளோ கொடுப்பது இங்கே வழக்கம். சில பகுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் 25 அன்று கதவைத் தட்டி அதைக் கேட்பார்கள். மிட்டாய்ப் பொட்டலங்கள் தயாராக இருக்கட்டும். ஜூலு மொழியில் "உகிசிமுசி ஒமுஹ்லே" என்று வாழ்த்துவதற்கும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

24, 25, 26

கதவுக்கு வெளியே இருட்டாதபோது நட்சத்திரத்தை எப்படிக் காட்டுவது என்ற முதல் ஆண்டின் சிக்கலுக்கு, கடிகாரத்திலேயே எங்களுக்குத் தீர்வு கிடைத்தது. இந்திய நேரம் இங்கிருந்து மூன்றரை மணி நேரம் முந்தியது. எனவே ஊரில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது டர்பனில் இரவு எட்டரை. வெளியே நன்றாக இருட்டியிருக்கும். அன்று மதியம் பிள்ளைகளைக் கட்டாயம் ஒன்றரை மணி நேரம் உறங்கவையுங்கள். மாலையில், குடும்பங்களுக்கென முன்கூட்டியே நடக்கும் திருவிழிப்பு வழிபாட்டுக்குச் சென்று வாருங்கள். நேரத்தைப் பங்கு அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எட்டு இருபதுக்குத் தாத்தாவைக் காணொலியில் அழையுங்கள். ஊர் ஆலய மணி அவர் கைபேசி வழியாக ஒலிக்கும் அந்த நொடியில் வீட்டு விளக்குகள் அனைத்தையும் அணைத்து, நட்சத்திரத்தை மட்டும் ஏற்றி, இளைய பிள்ளையின் கையால் குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வையுங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் பிள்ளைகள் உறங்கிவிடலாம். "இங்கே பனி கொட்டுது, காதுக்குத் துண்டு கட்டியிருக்கேன்" என்று தாத்தா அங்கிருந்து சொல்வதும், விசிறிக்கு அடியில் நின்று என் மகன் அதைக் கேட்டுச் சிரிப்பதும் இப்போது இந்தச் சடங்கின் பகுதியாகிவிட்டன.

25 அன்று ஐந்து மணிக்கே பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள், போராடாதீர்கள். கனமான உணவை மதியத்துக்கு வைக்காமல் பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு, வெயில் நேரத்தில் திரைகளை இழுத்துவிட்டு எல்லோரும் ஓய்வெடுங்கள். பட்டுப்பாவாடை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றுக்கு ஆலயத்தில் இருக்கும் ஒரு மணி நேரமே அதிகம். மாற்றுப் பருத்தி உடையைக் கையில் வைத்திருங்கள்.

26 அன்று டர்பன் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. விழாக்காலக் கூட்டத்தில் தவறிப்போகும் குழந்தைகளுக்காக மாநகராட்சி மணிக்கட்டுப் பட்டை கட்டுவதுண்டு. நீங்களும் உங்கள் கைபேசி எண்ணைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். பொழுது முன்பே விடிந்துவிடுவதைப் பயன்படுத்திக்கொண்டு ஐந்தரைக்குக் கடற்கரையை அடைந்து, உயிர்காப்பாளர் பணிக்கு வரும்வரை மணலில் மட்டும் விளையாடி, அவர்கள் கொடி நட்டபின் கொடிகளுக்கு இடையே சிறிது நேரம் கால் நனைத்து, கூட்டம் திரளும் முன் வீடு திரும்பி, வழியில் லிச்சிப்பழம் வாங்கிக்கொள்வது எங்கள் முறை.

குறிப்பேடு

மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை. பிறகு தங்குவனவும் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவனவே. எனவே நூற்றுக்கணக்கில் படம் எடுப்பதைவிட ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு பக்கம் போதும். ஒரு பக்கத்தில் குழந்தையின் கையை வைத்துச் சுற்றி வரைந்து வயதை எழுதுங்கள். மறுபக்கத்தில் என்ன சமைத்தோம், மழை பெய்ததா, யார் வந்தார்கள், எது உடைந்தது, குழந்தை என்ன சொன்னது என்பனவற்றை அது சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டு முதல் மெழுகுதிரி ஏற்றும் நாளில் அதை எடுத்து உரக்கப் படியுங்கள்.

எங்கள் குறிப்பேட்டில் பிள்ளைகள் ஒவ்வோராண்டும் முதலில் புரட்டச் சொல்வது நான்காம் கிறிஸ்மஸின் பக்கம். சமையலறைச் சன்னலோரம் ஆறவைத்த பிளம் கேக்கை, இப்பகுதியில் கூட்டமாகத் திரியும் வெர்வெட் குரங்கொன்று இரு கையாலும் தூக்கிக்கொண்டு மதில்மேல் அமர்ந்து தின்றது. திராட்சையை மட்டும் பொறுக்கி எங்களை நோக்கித் துப்பியது என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறேன். மூன்று வாரம் ஊறவைத்த பழங்கள் போயிற்றே என்று அன்று நான் அழுதது அந்தப் பக்கத்தில் இல்லை. டிசம்பரில் சமையலறைச் சன்னலை மூடிவைத்துச் சமையுங்கள்.